கடல் கொண்ட நிலையமும் கரை சேர்ந்த குடும்பங்களும்

தண்டவாளமே இல்லாத ஊரில் அமர்ந்து ரயில் சீட்டு பதிந்து கொடுப்பது நமது உத்தியோகம். போர்ட் பிளேயர் என்று நாமெல்லாம் வழங்கி வந்ததும், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றதுமான இந்நகரில் ரயில்வே முன்பதிவுச் சாளரம் ஒன்று இருப்பதைப் பத்துபஸ்தி அன்பர்கள் அனைவரும் அறிவர். ஹேடோ துறைமுகத்தில் கப்பலேறி, இரண்டு மூன்று நாள் கடலில் மிதந்து, சென்னையில் இறங்கி, எழும்பூரில் வண்டி பிடிக்க வேண்டியவர்கள் இங்கேயே இடம் பதிந்து கொண்டு செல்கின்றனர். வண்டியின் ஓசை நமது செவியில் விழுவதில்லை. ஊர்களின் பெயர்கள் மட்டும் நாள்தோறும் விழுகின்றன. மானாமதுரை என்பார் ஒருவர்; பரமக்குடி என்பார் மற்றொருவர்; கோவில்பட்டி, விருத்தாசலம், திருத்துறைப்பூண்டி என்று வரிசை நீளும். பெயரைச் சொல்லும்போது சிலருடைய முகம் மலர்வதையும், சிலருடைய குரல் தழுதழுப்பதையும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் மூதாட்டி ஒருவர் பேரனுடன் சாளரத்துக்கு வந்தார். மறைந்த கணவருக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் செல்ல வேண்டும் என்றார். இடம் இருப்பதைப் பார்த்துச் சொன்னோம். அவர் நகரவில்லை.

“தம்பி, இந்த வண்டி மண்டபம் கேம்ப்பிலே நிற்குமா?” என்று கேட்டார்.

“இராமேசுவரம் வரையிலுந்தானே போகிறீர்கள் அம்மா, இடையில் எதற்கு?” என்றோம்.

“நாங்கள் சிலோனிலிருந்து வந்தபோது எனக்கு எட்டு வயது. அந்தக் கேம்ப்பிலேதான் இருந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை. ஒரு தடவை அந்த ஸ்டேஷனைப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறது” என்றார். அருகே நின்ற பேரன், “எந்த ஸ்டேஷன் பாட்டி?” என்றான். அந்தப் பிள்ளை அதுவரை அந்தப் பெயரைக் கேள்வியுற்றதே இல்லை.

அன்று மாலை வீடு திரும்பிய பின்னும் அந்த வினா நம்மை விடவில்லை. ஒரு சிறு ஸ்டேஷன் என்பது என்ன? கைகாட்டி மரம் ஒன்று, ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று, ஒரு மணி, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிழலுக்கு ஒரு வேப்ப மரம். அவ்வளவே. ஆயினும், கடல் கடந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு ஊர் என்ற ஒன்று கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் அதுதான் அன்றோ? இராமநாதபுரம் சீமையின் கடைக்கோடியில் இருந்த அத்தகைய சில நிலையங்களின் வரலாற்றையும், அவற்றை இணைத்த பாதையின் வரலாற்றையும் நமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும் எனக் கருதி இதனை எழுதலாயினோம்.

தூத்துக்குடியை விட்டு மண்டபத்துக்கு

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது 1876-ஆம் ஆண்டில். அதன்பின் கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கடலைக் கடந்தனர். வண்டியும் கப்பலும் ஒன்றோடொன்று இணைந்து ஓடியமையால் அந்த வண்டிக்குப் ‘போட் மெயில்’ என்று பெயர் வழங்கலாயிற்று. எனினும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல் அகன்றது; ஓர் இரவு முழுவதும் அலையில் ஆட வேண்டும். நிலப்படத்தைப் பார்த்தாலோ, இராமேசுவரம் தீவின் முனைக்கும் மன்னார்த் தீவின் முனைக்கும் இடையே சுமார் 22 மைல்தான். இந்தக் குறுக்கு வழியே சிறந்தது என்ற எண்ணம் ஆட்சியாளர்க்கும் வணிகர்க்கும் நெடுநாளாக இருந்து வந்தது.

1902-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மண்டபம் வரையில் இருப்புப்பாதை இடப்பட்டது. அதற்கப்பால் பாம்பன் கால்வாய் குறுக்கிட்டது. 1911-இல் பாலப் பணி தொடங்கி, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 6,776 அடி. அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பம்பாயில் பாந்திராவையும் வொர்லியையும் இணைக்கும் கடற்பாலம் எழும் வரையில், இந்திய நாட்டின் மிக நீண்ட கடற்பாலம் இதுவாகவே இருந்தது.

அப்பாலத்தின் சிறப்பு அதன் நடுவே அமைந்த தூக்குப் பகுதியாகும். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்தமையால் அவர் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. இரண்டு இரும்பு இறக்கைகள் எதிரெதிராக நீட்டிக் கொண்டிருக்கும். கப்பல் வரும்போது இரு கரையிலும் பணியாளர்கள் நின்று, செக்கிழுப்பது போல் நெம்புகோலைத் தள்ளிப் பல்சக்கரங்களைச் சுழற்றுவர். இறக்கைகள் மெல்ல மேலெழுந்து வானை நோக்கி நிற்கும். கப்பல் நுழைந்து செல்லும். மீண்டும் இறக்கைகள் இறங்கித் தண்டவாளம் பொருந்தும். நூறாண்டுக்கு மேலாக மனிதக் கையின் வலிமையாலேயே இவ்வேலை நடைபெற்று வந்தது என்பதை எண்ணும்போது வியப்புண்டாகிறது. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் அங்கு மிக அதிகம். ஓயாது சுரண்டி வர்ணம் பூசிக் காத்தனர். கடலோரத்தில் தகரக் கூரை வேய்ந்து வாழும் நம்மவர்க்கு அந்த வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்தவுடன் பாம்பன் சந்திப்பு. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரம் கோவிலுக்கு; மற்றொன்று மணல் திட்டின் வழியே தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடிக்கு. இவற்றுள் தனுஷ்கோடிப் பாதையே முதன்மையானது. போட் மெயில் சென்றதும் அவ்வழியே. எதிர்க்கரையில் தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வழியாகக் கொழும்புக்குப் பாதை இடப்பட்டு, அதுவும் 1914-இல் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்புக் கோட்டை நிலையம் வரையில் செல்லலாம் என்ற நிலை உண்டாயிற்று. மாலையில் எழும்பூரை விட்ட வண்டி மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியை அடையும். நடைமேடைக்கு அருகிலேயே கப்பல் துறை. பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்ற இரு கப்பல்கள் இங்கே பெயர் பெற்று விளங்கின.

மணலும் கடலும் தவிர வேறொன்றுமில்லாத இடத்தில், ரயில் வந்த காரணத்தால் ஓர் ஊர் எழுந்தது. சுங்கச் சாவடி, தபால் தந்தி அலுவலகம், துறைமுக அலுவலகம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோவில், பயணிகள் தங்கும் விடுதிகள், ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் ஆகிய யாவும் அங்கே அமைந்தன. சேது தீர்த்தமாட வந்த யாத்திரிகர், கருவாடு ஏற்ற வந்த வியாபாரி, கொழும்பில் கடை வைத்திருந்த செட்டியார், தோட்டத்துக்குப் போகும் கூலியாள் என எல்லோரும் அதே நடைமேடையில் நின்றனர்.

தகர வில்லைப் பயணிகள்

எல்லோரும் ஒரே நடைமேடையில் நின்றாலும் எல்லோரும் ஒரே விதமாகப் பயணம் செய்யவில்லை. முதல் வகுப்பில் சென்றவர் கையில் அட்டைச் சீட்டு இருந்தது. தோட்டத்துக்குச் சென்றவர்க்கு அளிக்கப்பட்டதோ தகரத்தால் ஆன வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்கள் கையாண்ட முறை இது. அந்த வில்லையில் தோட்டத்துக்குரிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக் கொள்வர். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். கங்காணி அழைத்துச் செல்லும் ஆள்கள் தொலைந்து போகாமல் குறித்த தோட்டத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். சரக்கு மூட்டையில் சீட்டு ஒட்டுவதைப் போன்றது இது. ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இச்செய்தியை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது.

மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தாரே ஒரு முகாம் நடத்தினர். இதற்கு முன் தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையில் இருந்ததைப் போன்றது அது. வாந்திபேதி, பிளேக், அம்மை ஆகிய நோய்கள் இலங்கைக்குள் புகாதிருக்கும் பொருட்டுத் தோட்டத்துக்குச் செல்வோரை இங்கே சில நாள் நிறுத்தி வைத்து, உடம்பைச் சோதித்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, அதன் பின்பே அனுப்புவர். அந்த முகாமுக்கென அமைந்ததே ‘மண்டபம் கேம்ப்’ என்ற சிறு நிலையம். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளின் சிற்றூர்களிலிருந்து சென்ற எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் தாய்நாட்டில் கடைசியாகச் சோறுண்ட இடம் அந்த முகாமே. 1939-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் செல்வதைத் தடை செய்யும் வரையில் இந்தப் போக்குவரத்து நடந்தது.

இரண்டு மாத இடைவெளி

1964-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. இரண்டும் இப்பாதையின் தலைவிதியை மாற்றின.

முதலாவது, அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி இலங்கையில் குடியுரிமையின்றி இருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. போனவர்களுடைய மக்களும் பேரர்களும் அதே வழியே திரும்ப வேண்டிய காலம் வந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி நமது கடலில் பிறந்தது. ஆம், நமது கடலில்தான். அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. இங்கே மழையும் காற்றுமாகத் தலைகாட்டி மேற்கே நகர்ந்த அது, பெரும்புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. இருபதடிக்கு மேல் எழுந்த அலைகள் ஊரின் மேல் ஏறின.

அன்றிரவு பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி வழக்கம் போல் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளும், ஐந்து ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தனர். ஊர் நெருங்கும் இடத்தில் கைகாட்டி இறங்காமையால் வண்டி நின்றது என்றும், நெடுநேரம் காத்திருந்த டிரைவர் நீண்ட ஊதல் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றும் கூறுவர். அந்த ஊதலுக்கு மறுமொழி சொல்ல ஸ்டேஷனில் எவரும் இருந்திருக்க முடியாது. அலை வந்து வண்டியை மூடிற்று. அதில் சென்றவர்களில் ஒருவரும் மீளவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து போனமையால், வண்டி என்னவாயிற்று என்ற செய்தி உடனே வெளியுலகுக்கு எட்டவும் இல்லை. அந்தப் புயலில் இரு கரையிலுமாக மாண்டோர் தொகை சுமார் 1,800 என மதிப்பிட்டனர்.

கைகாட்டி இறங்காதபோது வண்டியை நகர்த்தக் கூடாது என்பது ரயில்வேயில் சேருகின்ற ஒவ்வொருவரும் முதலில் கற்கும் பாடம். அந்த டிரைவர் செய்தது சரியா தவறா என்று இன்றளவும் சிலர் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறோம். முன்னே இருட்டு, பின்னே கடல், பெட்டிகளில் குழந்தை குட்டிகள். நின்றிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்கள். விதிப்புத்தகத்தில் அந்த இரவுக்குரிய பக்கம் இல்லை என்பதே நமது எண்ணம்.

பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி கண்ணிகளும் அலையில் அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் நிலைத்து நின்றது. ஆறு மாதத்தில் பாலத்தைச் சீர் செய்ய வேண்டும் என்று ரயில்வே கெடு வைத்தது. அப்பணியை ஏற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன், கடலில் கிடந்த இரும்புத் தூலங்களை மீட்டெடுத்து 46 நாளில் முடித்துக் கொடுத்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் பெயர் பெற்றவர் இவரே.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசாங்கம் அறிவித்தது. பாம்பனிலிருந்து பிரிந்த இரு கிளைகளுள் இராமேசுவரக் கிளை மட்டும் எஞ்சியது.

அழுகைக் கோச்சி

ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து புறப்பட்டவர்கள் வந்து சேர்வதற்கு இப்போது தனுஷ்கோடி இல்லை. தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ என்ற கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிற்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கு அங்குள்ள மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டிருந்தனர். கோச்சி என்றால் இலங்கைத் தமிழில் ரயில். ஒரே குடும்பத்தில் தமையனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரஜாவுரிமை பிரிந்து போனமையால், ஸ்டேஷனில் நின்றவர்களும் அழுதார்கள். வண்டியில் இருந்தவர்களும் அழுதார்கள். வேறு பெயர் அதற்குப் பொருந்தியிராது.

இராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமுக்கு அழைத்துச் சென்றனர். பாட்டனாரைத் தோட்டத்துக்கு அனுப்புமுன் நிறுத்தி வைத்துச் சோதித்த அதே மண்டபத்தில், பேரர்கள் குடும்ப அட்டையோடு வரிசையில் நின்றனர். ஒருவர் நீலகிரித் தேயிலைக்கு அனுப்பப்பட்டார், ஒருவர் நூற்பாலைக்கு, ஒருவர் ஏதோவோர் ஊரில் கடை வைக்கக் கடன் பெற்றார். சில குடும்பங்கள் மீண்டும் கடல் கடந்து, நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. நமது சாளரத்துக்கு வந்த மூதாட்டியின் குடும்பம் அவற்றுள் ஒன்று.

கச்சாலும் அவர்களுக்கு நிலைக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் அத்தீவு பெருஞ்சேதம் உற்றதை நாம் அறிவோம். அதே நாளில் இலங்கையின் தென்கரையில் பெரேலிய என்ற இடத்தில் ஓடிக் கொண்டிருந்த ரயில் வண்டி ஒன்று அலையில் சிக்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தனுஷ்கோடியில் நேர்ந்தது மற்றொரு கரையில் மீண்டும் நேர்ந்தது. அவ்வலைக்குப் பின்னரே அந்த அம்மையார் மகனுடன் இங்கு வந்து குடியேறினாராம்.

இராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பல் 1984-இல் இலங்கைப் போரின் காரணமாக நின்று போயிற்று. மண்டபம் முகாமில் அதன்பின் இலங்கை அகதிகள் தங்கலாயினர். தலைமன்னாருக்குச் சென்ற ரயிலும் 1990-இல் நின்றது. பாதை பெயர்ந்து காடு மண்டிற்று. இந்திய உதவியுடன் அதனை மீண்டும் இட்டு, 2015-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் வண்டி விட்டனர். ஆகவே இன்று கொழும்பிலிருந்து தலைமன்னார் வரையில் ரயில் உண்டு. சென்னையிலிருந்து இராமேசுவரம் வரையில் ரயில் உண்டு. இடையில் கடல் மட்டும் கிடக்கிறது.

பிற ஊர்களின் கதை

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. ஆனால் கடல் தீண்டாமலே மறைந்த நிலையங்களும் தமிழ்நாட்டில் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய பாதை இடப்பட்டு, பின்னர் ஓசூர் வரையில் நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அத்தகைய பாதை ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-இல் இரண்டும் மூடப்பட்டன. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் தொடங்கிய ரயில் 1986-இல் நின்றது. வருமானம் போதவில்லை என்பதே பெரும்பாலும் கூறப்படும் காரணம். பேருந்து வீட்டு வாசலுக்கு வரும்போது ரயிலுக்கு ஏன் நடக்க வேண்டும் என்று மக்கள் எண்ணியதும் உண்மையே.

நின்றவை யாவும் நின்றே போயின என்று சொல்வதற்கில்லை. 1928-இல் திறந்த மதுரை - போடிநாயக்கனூர்ப் பாதை, அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-இன் முடிவில் மூடப்பட்டு, பன்னிரண்டாண்டு காத்திருந்தபின் 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடி வரையிலும் உயிர் பெற்றது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளிக்கும் 2023-இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிற்று. அந்த ஊர்க்காரர்கள் சாளரத்துக்கு வந்து, “எங்கள் ஊருக்கு ரயில் வந்துவிட்டதாமே!” என்று சொன்ன மகிழ்ச்சியை நேரில் கண்டோம்.

நமது தீவுகளிலும் ஒரு காலத்தில் தண்டவாளம் இருந்தது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்கும் பிற துறைகளுக்கும் மரம் சேர்க்க, காட்டிலாகாவினர் காட்டுக்குள் டிராம் பாதை இட்டனர். யானைகள் மரம் ஏற்றிய வண்டிகளை இழுத்துச் சென்றன. ஆள் ஏறிப் பயணம் போகும் ரயில் இங்கே வந்ததில்லை. இந்நகரிலிருந்து திக்லிப்பூருக்குச் சுமார் 240 கிலோமீட்டர் நீளத்தில் பாதை அமைக்கும் திட்டம் 2017-இல் பேசப்பட்டது. பாதை இன்னும் இடப்படவில்லை.

புதிய பாலம்

1914-ஆம் ஆண்டின் பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புயல் தாக்கி ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து. அருகில் எழுந்த புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. இதில் இறக்கைகள் விரிவதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. நெம்புகோல் தள்ளும் ஆட்களுக்கு வேலை இல்லை, மின்விசையே தூக்குகிறது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடியும் பாதை இட 2019-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் அடிக்கல் நாட்டினர். எனினும் வண்டி ஓடவில்லை. மோட்டார்ச் சாலை மட்டும் 2017 முதல் அரிச்சல்முனை வரையில் செல்கிறது. இடிந்த ஸ்டேஷன் சுவரையும், மாதா கோவிலையும் கண்டு வருவோர் பலர்.

நமது மூதாட்டியும் போய்க் கண்டு வந்தார். திரும்பி வந்தபின் ஒரு நாள் சாளரத்துக்கு வந்து, ஊர் போய்ச் சேர்ந்த செய்தியைச் சொன்னார். மண்டபத்தில் இறங்கி, பேரனை அழைத்துக் கொண்டு கேம்ப் ஸ்டேஷனுக்குப் போனாராம்.

“நடைமேடை ரொம்ப உயரம் என்று நினைத்துக் கொண்டிருந்தேன் தம்பி. அப்பாதான் தூக்கி இறக்கிவிட்டார். இப்போது பார்த்தால் சாதாரணமாய்த்தான் இருக்கிறது. நான்தான் அப்போது சிறுபிள்ளை” என்று சொல்லிச் சிரித்தார். பேரன் அந்தப் பெயர்ப் பலகையின் அடியில் பாட்டியை நிறுத்திப் படம் எடுத்திருந்தான். அதைக் காட்டினார். அவருடைய தந்தையார் வைத்திருந்த குடும்ப அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அந்தப் பிள்ளை இப்போது தன்னிடம் வைத்துக் கொண்டிருக்கிறானாம்.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்துபஸ்தியில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் வண்டி ஏறியே சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருக்கும். அந்த ஸ்டேஷனின் பெயர் என்ன, எந்த ஆண்டு, யார் யார் சேர்ந்து வந்தனர், நடைமேடையில் நின்று வழியனுப்பியவர் யார், கையில் என்ன மூட்டை இருந்தது என்பவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் போதும். சங்கத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தால் இவ்விதழில் சிறிது சிறிதாக வெளியிடலாம். நிலையத்தின் கட்டடத்தைக் கடல் கொண்டு போகலாம்; அரசாங்கம் தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டு போகலாம். அவற்றைத் தடுக்க நம்மால் இயலாது. பெயரும் ஆண்டும் நமது கையில் இருப்பவை.

பிறருக்குச் சொல்லுமுன் நாமும் நமது வீட்டில் கேட்டுப் பார்த்தோம். பாட்டனார் இத்தீவுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என்பது மட்டும் தெரியும். எந்த ஸ்டேஷனில் ஏறினார் என்பதை அறிந்திருந்த தந்தையார் காலமாகிவிட்டார். தாயாரைக் கேட்டோம். “பெரிய புளியமரம் ஒன்று நிற்கும் என்று உங்கள் அப்பா சொல்வார், பேர்தான் ஞாபகத்துக்கு வரவில்லை” என்றார். இராமநாதபுரம் சீமையில் புளியமரம் நின்ற ஸ்டேஷன்கள் எத்தனையோ! நாள் முழுவதும் ஊர்ப் பெயர்களைத் தட்டச்சு செய்யும் நாம், அவற்றுள் எது நமது ஊர்ப் பெயர் என்று அறியாமல் தட்டச்சு செய்து கொண்டிருக்கிறோம்.

நமது வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். இந்த மாதமே கேளுங்கள்.